புளியமரத்தடியில் கட்டிய வாட்ச்

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சின்ன வயதிலிருந்தே காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன் என்றுதான் வீட்டில் என்னைச் சொல்வார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், டிரைவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் இறங்கி நடந்துவிடலாமா என்று தோன்றும். படித்து முடித்ததும் ஒரு வங்கியில் தற்காலிக வேலை கிடைத்தது. கவுண்டருக்குப் பின்னால் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். உடம்பெல்லாம் எறும்பு ஊறுகிற மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன்.

பிறகு கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் மோட்டார் விற்கிற கம்பெனியில் சேர்ந்தேன். திருவண்ணாமலை தனி மாவட்டமாகி, ஆபீஸ்களும் லாட்ஜுகளும் புதிது புதிதாக முளைத்துக்கொண்டிருந்த நேரம். கம்பெனி ஒரு மோட்டார் சைக்கிளைக் கொடுத்து, போய்க்கொண்டே இரு என்றது. எனக்கு வேறென்ன வேண்டும்! காலையில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட அறை கட்டுகிறவர்களிடம் மோட்டார் பேசுவேன். வெயில் ஏறுவதற்குள் அவலூர்பேட்டைப் பக்கம் ஏதாவது ஒரு கிணற்று மேட்டில் நிற்பேன். எனக்கு முன்னால் எந்த வண்டி போனாலும் பிடிக்காது. பஸ்ஸோ, டிராக்டரோ, கரும்பு லாரியோ, அதைத் தாண்டின பிறகுதான் மூச்சு விடுவேன்.

அந்த வாட்ச் என் கைக்கு வந்தது கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மாப்பிள்ளை அழைப்பில். மாமனார் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்தார். எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை மண்டி. அவருடைய மூத்த மகன் மஸ்கட்டில் வேலை செய்து, தங்கைக்கு வரப்போகிறவனுக்கு என்று வாங்கி அனுப்பியது. சுவிட்சர்லாந்து வாட்ச். கருநீல முகம், கனமான எஃகுப் பட்டை. சாவி கொடுக்க வேண்டியதில்லை. கை அசைந்தால் உள்ளே ஒரு தகடு சுழன்று தானாகவே சாவி ஏறிக்கொள்ளும்.

"கைய நீட்டுங்க மாப்ள" என்று சொல்லி, இரண்டு பக்கத்துச் சொந்தமும் பார்க்க, மாமனார் தன் கையாலேயே அதை என் இடது மணிக்கட்டில் கட்டினார். கொக்கியை எப்படி மாட்டுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறினார். வேர்வை வழிந்தது. மாட்டி முடித்ததும் கூட்டத்தைப் பார்த்து, "கை ஆடிக்கினே இருந்தா தான் இது ஓடுமாம். சும்மா உக்காந்தா நின்னுடுமாம்" என்றார்.

"அப்ப இவனுக்குன்னே செஞ்சது தான்!" என்று என் பெரியப்பா கத்தினார். பந்தலே சிரித்தது. நான்தான் சிரிக்கவில்லை. தாலி கட்ட இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அதில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர்ச் சாலைகளில் அதைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டியவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். இடது கை கிளட்சில் இருக்கும். வண்டி பள்ளத்தில் இறங்கினால் வாட்ச் மணிக்கட்டிலிருந்து முன்கைக்கு ஏறும், மேட்டில் ஏறினால் கீழே வந்து எலும்பில் இடிக்கும். போதாதற்கு ஒரு கண் ரோட்டில், ஒரு கண் வாட்சில். எதிரே வருகிறவன் பார்க்கிறானா என்று வேறு பார்ப்பேன். அறுவடை சமயத்தில் எங்கள் பக்கம் கேழ்வரகுக் கதிரை ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள், வண்டி ஏறி ஏறி மணி உதிரட்டும் என்று. அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும்போது கூட நான் வாட்சைத்தான் பிடித்துக்கொண்டேன்.

சில மாதத்தில் வாட்ச் முந்த ஆரம்பித்தது. ரேடியோவில் செய்தி ஆரம்பிப்பதற்கு வெகு நேரம் முன்பே என் கையில் செய்தி நேரம் ஆகிவிடும். திருத்தி வைப்பேன், மறுபடி முந்தும். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. ஊரே பின்னால் வந்துகொண்டிருக்கிறது, நான் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருக்கிறேன் என்று ஒரு சந்தோஷம். கோயில் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் "கிளம்பு, கிளம்பு" என்பேன்.

"இட்லி வேகறதுக்கு உங்க வாட்ச் தெரியாதுங்க" என்பாள் என் மனைவி. சொல்லிவிட்டுப் பாதி கட்டிய பூவை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவாள்.

முந்திக்கொண்டிருந்த வாட்ச் ஒருநாள் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. பிறகு நின்றுவிட்டது. தேரடி வீதியில் வாட்ச் கடை வைத்திருந்த பாயிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணில் கண்ணாடியைப் பொருத்தி முதுகு மூடியைத் திறந்து பார்த்தார்.

"வண்டி ஓட்டும்போது கட்றீங்களா?"

"ஆமா பாய்."

"இது நாற்காலில உக்காந்து கையெழுத்து போடறவன் கட்ற வாட்சு. நீங்க ரோட்ல குதிக்கிற குதில உள்ள ஸ்க்ரூ லூஸாயிடுது. சரி பண்ணித் தரேன். ஆனா வண்டில கட்டாதீங்க. அடுத்த தபா வந்தா நான் கை வெக்க மாட்டேன்."

அது பாயிடம் கிடந்த வாரம் நான் வெறுங்கையோடு மாமனார் வீட்டுக்குப் போனேன். அவர் எப்போதும் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் மணிக்கட்டைப் பார்ப்பார். அன்றும் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்துக்கு வர நேரமாயிற்று.

"ரிப்பேர்ல இருக்குது மாமா" என்றேன்.

"அப்டிங்களா" என்றார். மஸ்கட்டிலிருந்து வந்த புது வாட்ச் அதற்குள் ரிப்பேரா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிறகு நடந்தது எதுவும் நடந்திருக்காது.

அன்றிலிருந்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வண்டியில் போகும்போது வாட்சைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். மனைவி பின்னால் உட்கார்ந்திருந்தால் அவள் அதை உள்ளங்கையில் மூடிப் பிடித்துக்கொண்டு வருவாள். செஞ்சி ரோட்டில் கீழ்பென்னாத்தூருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு புளியமரமும், அதற்கு எதிரே ஒரு டீக்கடையும் உண்டு. அந்த மரத்தடியில் வண்டியை நிறுத்தி, வாட்சைக் கட்டிக்கொண்டு, மாமனார் தெருவுக்குள் கௌரவமாக நுழைவேன். திரும்பும்போது அதே மரத்தடியில் நிறுத்தி, கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவேன். பாய் சொன்னதும் நடந்தது, மாமனார் மனதும் குளிர்ந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த வருடம் வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு மனைவி அம்மா வீட்டுக்குப் போனாள். மாசியில் மகள் பிறந்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் புளியமரத்தடியில் நின்று, கட்டிக்கொண்டு போய், குழந்தையைப் பார்த்துவிட்டு வருவேன். மூன்றாம் மாதம் தாயையும் பிள்ளையையும் அனுப்பிவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். விட்டால் ஐந்தாம் மாதம். வீட்டில் தொட்டில் மாட்ட உத்திரத்தில் கொக்கி அடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

வைகாசி வந்தது. "கத்திரி வெயிலு மாப்ள, பச்ச ஒடம்பு" என்றார் மாமியார். வெயில் தணிந்தது. "நாளு சரியில்ல மாப்ள" என்றார். நாள் சரியாகிவிட்டால் குழந்தைக்குச் சளி பிடித்திருக்கும். ஆனி பிறந்தது. அடுத்தது ஆடி. ஆடி பிறந்துவிட்டால் பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். அதுவும் முதல் குழந்தையோடு, கேட்கவே வேண்டாம்.

எனக்கு நிலைகொள்ளவில்லை. வீட்டுக்குப் போனால் அந்த வெறும் கொக்கி தொங்கும். அதனால் வீட்டுக்குப் போகாமல் சுற்றினேன். ஒரு நாள் மோட்டார் விற்கப் புறப்பட்டு, எந்த ஊருக்குப் போகிறேன் என்பதையே மறந்துபோய் மலையைச் சுற்றி வண்டியில் வந்தேன். ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மறு சுற்றில் பார்த்தால் அவர் அங்கேயே, அப்படியே இருந்தார். எனக்கு அவர் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மாமனார் வீட்டில் மரியாதைக்கு மட்டும் குறைவில்லை. குறைவில்லை என்ன, ஜாஸ்தியாகிக்கொண்டே போயிற்று. நாட்டுக்கோழி, வடை, பாயசம். நான் உள்ளே வந்தால் மாமனார் எழுந்து நிற்பார். மணிக்கட்டைப் பார்ப்பார். உடனே பார்வையைத் தரைக்குக் கொண்டுபோய்விடுவார். எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டால், "உங்க வூட்டு பொண்ணு மாப்ள, நாங்களா வெச்சிக்கப் போறோம்" என்று சொல்லி இன்னொரு வடை வைப்பார்கள்.

மனைவியின் சித்தப்பா மகன் ஒருவன் இருந்தான், என் வயதுக்காரன், மண்டியில் மூட்டை ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்ப்பவன். எனக்கு மச்சான் முறை. கேலி பேச அந்த வீட்டில் உரிமை உள்ளவன் அவன் ஒருவன்தான். ஆனி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது அவன் என் காதருகே வந்தான்.

"மச்சான், ஞாயித்துக்கெழம ரேட்டு ஜாஸ்தியா, கம்மியா?"

"எதுக்கு ரேட்டு?"

"வாட்சுக்கு தான். வாடகைக்கு எடுத்துக்கினு வரீங்களே."

எனக்குப் புரியவில்லை. அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். புளியமரத்துக்கு எதிரே டீ குடிக்கிறவர்கள் மாசக்கணக்காக என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை ஊருக்குள் வரும்போது வாட்சைக் கட்டுகிறார், ஊர் எல்லை தாண்டினதும் கழற்றி மடித்து வைக்கிறார். சொந்த வாட்சை எவனாவது அப்படிச் செய்வானா? மஸ்கட் வாட்சை எப்போதோ விற்றுத் தின்றுவிட்டார், மாமனார் கண்ணில் காட்ட, வாடகை சைக்கிள் மாதிரி ஞாயிற்றுக்கிழமை மட்டும் டவுனில் ஒரு வாட்சை எடுத்துக்கொண்டு வருகிறார். நடுவில் ஒரு வாரம் 'ரிப்பேர்' என்று வெறுங்கையோடு வந்ததை மாமனார் அதோடு சேர்த்துப் பார்த்திருக்கிறார். கல்யாண வாட்சையே விற்றவன் கையில் பெண்ணையும் பிள்ளையையும் எப்படி அனுப்புவது?

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஈரக் கையோடு கூடத்துக்குப் போனேன். மாமனார் நாற்காலியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வாட்சைக் கழற்றி அவர் கையில் வைத்தேன்.

"மாமா, நல்லா பாருங்க. நீங்க கட்டிவுட்டது தான் இது. திருப்பித் திருப்பி பாருங்க."

அவர் சுட்டதுபோல எழுந்துவிட்டார். "ஐயையோ, இன்னா மாப்ள இது! நான் எதனா கேட்டனா? வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டனா?"

"அதான் மாமா, கேளுங்க. கேட்டா தான சொல்ல முடியும்!"

"உங்களப் போயி கேப்பனா? மாப்ள நீங்க."

அவர் வாட்சைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்து, கல்யாணத்தில் கட்டியது போலவே கொக்கியோடு தடுமாறி, அதைத் திரும்பக் கட்டிவிட்டார். உள்ளேயிருந்து மாமியார், "காபி போடட்டுங்களா மாப்ள?" என்றார்.

திருடன் என்று சொன்னால் சண்டை போடலாம். மரியாதையோடு எப்படிச் சண்டை போடுவது? வண்டி குதித்த கதையும் பாயின் பேச்சும் நெஞ்சில் முட்டிக்கொண்டு நிற்க, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். பின்கட்டுக்குப் போனேன்.

மனைவி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பிள்ளைத் துணி அலசிக்கொண்டிருந்தாள். குழந்தை வேப்பமரத்துத் தூளியில் தூங்கியது.

"நான் வாட்ச வித்துட்டேன்னு உங்கப்பா நெனைக்கிறாரு. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலருந்து?"

"பாப்பாக்கு பேரு வெச்ச அப்பலருந்து."

"வண்டில அத கைல மூடி புடிச்சிக்கினு வந்தவ நீ. பாய் சொன்னது உனக்குத் தெரியும். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டாள். அவசரமே இல்லை.

"சொன்னா மறுநாளே நல்ல நேரம் பாத்து அனுப்பிடுவாங்க" என்றாள்.

அடுத்த துணியை எடுத்து அலசிக்கொண்டே பேசினாள்.

"இங்க நான் உக்காந்து சாப்புடறேங்க. காபி ஆறதுக்குள்ள குடிக்கிறேன். பாப்பா தூங்கினா நானும் தூங்கறேன். யாரும் கிளம்பு கிளம்புன்னு சொல்றதில்ல. அங்க கோயிலுக்குப் போனாகூட நான் சாமியப் பாக்கறதுக்குள்ள நீங்க வெளிய செருப்பு போட்டுக்கினு நிக்கிறீங்க. அந்த வாட்ச் ஓடுற ஓட்டத்துக்கு என்னால ஓட முடியலங்க."

"வாட்ச் மேல ஏன் பழியப் போடற? அது அப்ப ரிப்பேரு. பாய் சரி பண்ணிட்டாரு."

"நான் வாட்ச் மேல போடல" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்வானேன், அந்தக் கோபத்தில் கொஞ்சம் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஊரே என்னை வாட்ச் விற்றவன் என்று டீக்கடையில் உட்கார்ந்து பேச, ஒரே வார்த்தையில் நிறுத்தக்கூடியவள் சும்மா இருந்திருக்கிறாள். ஆனால் கோபத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. அவள் முகம் வட்டமாகி, கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போயிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. இவள் வராமலே இருந்துவிட்டால்?

"வருவியா, மாட்டியா?" என்றேன்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள வரேன். நானே அப்பா கிட்ட சொல்றேன். நீங்க அவசரப்படுத்தாம இருங்க, போதும்."

அவசரப்படுத்தாமல் இருந்த அந்த நாட்களைப் பற்றி என்ன சொல்ல. வீட்டைக் கூட்டினேன். கூட்டினதையே மறுபடி கூட்டினேன். தொட்டில் கொக்கியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன், தாங்குமா என்று. நடுவில் கீழ்பென்னாத்தூர் ரோடு வரை வண்டியை விட்டுக்கொண்டு போய், புளியமரம் கண்ணில் பட்டதும் திரும்பி வந்தேன். கடைசியில் மண்டி லாரி டிரைவர் ஒருவர் வாசலில் நின்று, வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறதாம், வரச் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை தொட்டில், பாத்திரம், மல்லாட்டை மூட்டை எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு வேன் மாமனார் வாசலில் நின்றது. மாமியார் குழந்தையோடு அதில் ஏறி உட்கார்ந்தார், மனைவியும் ஏறினாள். மாமனார் வந்து என் முகத்தைப் பார்த்தார். மணிக்கட்டை அல்ல, முகத்தை. மகள் சொல்லிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். இப்போதும் அவர் எதுவும் கேட்கவில்லை.

"புளியமரத்தாண்ட டீ நல்லா இருக்காது மாப்ள, நிக்காம போங்க" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது.

எல்லாரும் பார்க்க அங்கேயே வாட்சைக் கழற்றினேன். கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தபோது மனைவி வேனிலிருந்து இறங்கி வந்தாள். "நான் வண்டில வரேன்" என்று சொல்லிக் கையை நீட்டினாள். எப்போதும் போல உள்ளங்கையில் மூடிப் பிடித்துக்கொள்ளப்போகிறாள் என்று கொடுத்தேன். அவள் அதை வளையல்களுக்கு மேலே ஏற்றித் தன் முன்கையில் மாட்டிக்கொண்டாள். பின்னால் உட்கார்ந்து அந்தக் கையை என் தோளில் வைத்தாள்.

புளியமரத்தைத் தாண்டினோம். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலையைச் சாய்த்தால் கருநீல முகத்தின் ஓரம் மட்டும் எனக்குத் தெரிந்தது. முள் தெரியவில்லை. ராகு காலத்துக்கு முன் வீடு போய்ச் சேர வேண்டும்.

"மணி இன்னா?" என்றேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

கொஞ்ச தூரம் போனோம். என்னால் இருக்க முடியவில்லை. மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது அவள் முன்னால் சாய்ந்து என் காதில் சொன்னாள்.

"தெரிஞ்சி இன்னா பண்ணப் போறீங்க?"

பின்னாலிருந்து வேன் ஹாரன் அடித்தது. என் வலது கை துறுதுறுத்தது. முறுக்காமல் ஓரம் கட்டினேன். வேன் எங்களைத் தாண்டிப் போனது. அதன் ஜன்னலில், பாட்டியின் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.